பின்தோள்காரர்

உயரத்தைக் கண்டால் கால் கூசுகிற ஒரு மனிதர் மலையில் ஆள் தூக்கிப் பிழைக்கிறார் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். பிறகு, "நான் பின்தோள்ங்க" என்பார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

தெரியாதவர்களுக்கு டோலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பிரம்பு நாற்காலி. அதன் இரு பக்கமும் நீளமாக இரண்டு கழிகள். கழிகளுக்கு நடுவே தலையை நுழைத்து முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். மலை உச்சியில் ஒரு குகை இருக்கிறது. அதற்குள் தானாக வளர்ந்து நிற்கும் ஒரு கல்லின்மேல், பாறைக் கசிவு சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. யாரும் செதுக்காத அந்தச் சிவனைப் பார்க்க வருகிறவர்களில் முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் இந்த நாற்காலியில் ஏறிக்கொள்வார்கள். முன்தோள்காரர் பாதையைப் பார்த்து நடப்பார். பின்தோள்காரருக்குப் பார்க்க இருப்பது நாற்காலியின் முதுகு. அதற்கு மேலே மழைக்காகக் கட்டிய தார்ப்பாய்த் துண்டும் இருப்பதால், உட்கார்ந்திருப்பவரின் பின்னந்தலைகூடத் தெரியாது.

ஆக, இத்தனை வருஷம் இந்த மலையில் ஏறி இறங்கியும் அவர் மலையைப் பார்த்ததில்லை. மேலே இயற்கைக் காட்சி எப்படி என்று யாராவது கேட்டால், "பிரம்பு கொஞ்சம் தளர்ந்திருக்கு, மாத்தணும்" என்பார்.

வீட்டில் பல்பு மாற்றுவது அவர் மனைவி. சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள். ஸ்டூலில் ஏறுவது அவளுக்கு ஓய்வு மாதிரி. இவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். "நான் விழுந்தா பிடிக்கறதுக்கு நிக்கறீங்களா, நீங்க விழாம இருக்க பிடிச்சுக்கறீங்களா?" என்று அவள் கேட்பாள். இரண்டும்தான்.

அட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் பசை தடவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். தொழிற்சாலை ஒரு திங்கட்கிழமை திறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கிழமையும் திறக்கவில்லை. அப்போதுதான் மனைவியின் அண்ணன் வந்து கூப்பிட்டார். அவர் இந்த மலையின் பெயர் பெற்ற முன்தோள். பாறை மாதிரி கழுத்து, நிதானமான குரல், எதற்கும் அசையாத முகம். அவருடைய பழைய கூட்டாளிக்கு மூட்டு போய்விட்டது.

"எனக்கு உயரம் ஆகாது மச்சான்" என்றார் இவர்.

"பின்னால வா மாப்ள. பின்னால மலையே கிடையாது."

அது உண்மைதான். பின்னால் குரல் மட்டும்தான் உண்டு. மச்சான் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் கொடுப்பார். "ஏத்தம்" என்றால் ஏற்றம். "ஈரம்" என்றால் பாசி. "ஒட்டு" என்றால் பாறைச் சுவரோடு ஒட்டி வா என்று பொருள். "பெரிய கால்" என்றால் நீளமாக எட்டு வைக்க வேண்டும். "சமம்" என்றால் மூச்சு விட்டுக்கொள்ளலாம். சொல் காதில் விழும். கால் அந்த இடத்தில் விழும். மற்ற மனிதர்கள் தரைமேல் நடந்தார்கள். இவர் மச்சானின் வாய்மேல் நடந்தார். பயந்த சுபாவம் இந்த வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்பது மட்டுமல்ல, தகுதியே அதுதான் என்று மச்சான் டோலிக் கொட்டகையில் எல்லோரிடமும் சொல்வார். "தைரியசாலி பின்னால இருந்தா தலையை நீட்டி எட்டிப் பார்ப்பான். நாற்காலி ஆடும். நம்ம மாப்ள செத்தாலும் எட்டிப் பார்க்க மாட்டான்." இது பாராட்டா என்று இவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

குகைக்குச் சற்று முன்னால் ஒரு நீண்ட பாறை விளிம்பு. ஒரு கட்டில் அகலம்தான் இருக்கும். அதுவும் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. இடது கைப்பக்கம் சுவராக மலை. வலது கைப்பக்கம் என்ன என்று இவர் கேட்டதில்லை. அங்கே டோலியைக் கீழே வைக்கக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். சாய்ந்த பாறையில் நாற்காலியின் கால் நிற்காது. தோள் விண்ணென்று தெறித்தாலும், இருமல் வந்தாலும், உட்கார்ந்திருப்பவர் கத்தினாலும், விளிம்பில் ஏறினால் விளிம்பைத் தாண்டித்தான் இறக்குவது.

அன்று காலை மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. சுவரில் சாத்தி வைத்த டோலிகள் ஈரத்தில் மினுங்கின. தூக்குகிறவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, தோள்மெத்தைகளை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய கார் சீட்டைக் கிழித்துத் தைத்த மெத்தைகள். இன்று ஏறுவதில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் யாரும் மெத்தையைத் தோளில் மாட்டவும் இல்லை.

அப்போது ஒரு அம்மாள் வந்து நின்றார். கையில் குடை, முழங்காலில் பட்டை, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரையும் நேராக உட்கார வைத்த ஒரு பார்வை. பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"யார் வர்றீங்க?"

"பனிம்மா" என்றார் ஒருவர்.

"பனி எனக்கும் தெரியுது. எங்க ஓய்வுபெற்ற ஆசிரியைகள் சங்கத்துல நான் ஒருத்திதான் இன்னும் இந்தக் குகையைப் பார்க்கலை. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தி மாத்தி ஒருத்தி அந்தத் தண்ணி சொட்டற சத்தத்தை வாயாலயே செஞ்சு காட்டறாங்க. நாளைக்கு எனக்கு ரயில். இன்னிக்குத்தான் முடியும்."

யாரும் அசையவில்லை. மச்சான் எழுந்து, "வாங்க டீச்சரம்மா" என்றார்.

பின்தோள்காரர் டீக் குவளையைக் கீழே வைத்தார். சில மாதங்களாகவே மச்சான் பனி நாட்களில்தான் அதிக உற்சாகமாக எழுந்துகொள்கிறார் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் பனி என்றால் முதலில் மறுக்கிறவரே அவர்தான். இதைப் பற்றி யோசித்துக்கொண்டே கழியைத் தூக்கினார். யோசிப்பதற்கும் தூக்குவதற்கும் நடுவில் மனிதன் மறுத்துவிட ஓர் இடைவெளி உண்டு. இவருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அந்த இடைவெளி போதுமானதாக இருந்ததில்லை.

பாதி மலையில், இறங்கி வந்துகொண்டிருந்த பூசாரி எதிர்ப்பட்டார். காலைப் பூசையை முடித்துவிட்டுக் கீழே போகிறவர்.

"மேல யாரும் இல்லை. விளக்கு எரியுது. நீங்களே கும்பிட்டுட்டு வாங்க" என்றார். நாலு அடி தாண்டிப் போய்த் திரும்பி, "விளிம்புல நேத்து மழைக்குக் கொஞ்சம் சரிஞ்சிருக்கு. பார்த்துப் போங்க" என்றார்.

"பார்த்துக்கறேன்" என்றார் மச்சான்.

பூசாரியின் தலையைப் பனி விழுங்கியது. பிறகு செருப்புச் சத்தத்தையும் விழுங்கியது.

விளிம்பில் ஏறியதும் டீச்சரம்மாவின் பேச்சு நின்று, "நமச்சிவாய" தொடங்கியது. கண்களை இறுக மூடியிருந்தார். அது குரலிலேயே தெரிந்தது. கண்ணை மூடினவர்கள் கொஞ்சம் உரக்கச் சொல்வார்கள்.

"ஒட்டு" என்றார் மச்சான். "ஈரம். ஈரம். சமம்."

சமம் என்ற இடத்தில் பின்தோள்காரர் காலை வைத்தார். அங்கே சமம் இல்லை. கருங்கல் துண்டு ஒன்று பாதத்தின் கீழ் புரண்டது. உடம்பு ஒரு கணம் வெளிப்பக்கம் சாய்ந்து, கழி கழுத்தை நெரித்து, திரும்ப நிலைக்கு வந்தது. புரண்ட கல் விளிம்பைத் தாண்டிப் போனது. அது கீழே விழும் சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். சத்தம் வரவே இல்லை.

இத்தனை வருஷத்தில் மச்சானின் சொல் பொய்த்தது அதுதான் முதல் தடவை.

"பெரிய கால்" என்றது முன்னாலிருந்து குரல், அதே நிதானத்தோடு. பெரிய கால் வைக்க வேண்டிய பள்ளம் அங்கே உண்டு, இவருக்கே மனப்பாடம். ஆனால் இன்று அந்தப் பள்ளத்தை மண் மூடியிருந்தது. நீட்டி வைத்த கால் சேற்றில் வழுக்கி நின்றது. முன்னாலும் ஏதோ வழுக்கும் சத்தம் கேட்டது, நாற்காலி குலுங்கியது. "நமச்சிவாய" ஒரு மாத்திரை நின்று, வேகம் கூடிப் புறப்பட்டது.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மச்சான் பாதையைப் பார்த்துச் சொல்லவில்லை. நினைவிலிருந்து சொல்கிறார். போன வாரத்துப் பாதையை, அது இருந்தபடியே, ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறார். இன்றைய பாதை வேறு.

கேட்டாக வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு பேர் பேச்சும் காதில் விழும்படி, ஒரு தலைமையாசிரியை உட்கார்ந்திருக்கிறார். விஷயம் தெரிந்தால் அவர் எழுந்துவிடுவார். அவர் எழுந்தால் மூன்று பேரும் அந்தச் சத்தம் வராத இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

"மச்சான்" என்றார் மெதுவாக, "முன்னால வெளிச்சம் எப்படி?"

"குறைச்சல்தான்."

"பனியாலயா?"

முன்னால் மச்சானின் பாதம் பாறையைத் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"பனியாலயும்."

"எவ்வளவு நாளா?"

"இப்ப எதுக்கு மாப்ள அதெல்லாம். எனக்குப் பாதை தெரியும்."

"தெரிஞ்ச பாதையைக் காணோம் மச்சான்."

பனி நாட்களில் மச்சான் ஏன் உற்சாகமாக எழுந்தார் என்பது இப்போது விளங்கியது: பனியில் தடுமாறினால் யாரும் கண்ணைச் சந்தேகிக்க மாட்டார்கள். இருவரும் அசையாமல் நின்றார்கள். கீழே வைக்க முடியாது, திரும்ப முடியாது, நின்றுகொண்டே இருக்கவும் முடியாது, ஏனென்றால் தோள் என்பது பொறுமையை அளந்து கொடுத்த உறுப்பு. முன்னால் இருப்பவருக்குக் கண் இல்லை. பின்னால் இருப்பவருக்குக் கண் இருக்கிறது, எதிரே பிரம்பு இருக்கிறது. இரண்டு பேரையும்விட உயரமான இடத்தில், பாதையை நேராகப் பார்த்து, நல்ல கண்ணோடு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா" என்றார் பின்தோள்காரர்.

"ஏன் நிக்கறீங்க?"

"கொஞ்சம் கண்ணைத் திறக்கறீங்களா?"

"மாட்டேன். மேல போய்த்தான் திறப்பேன்."

அவருடைய வாழ்க்கையில் எண்ணம் தோன்றுவதற்கு முன்பே வாய் வேலை செய்தது அதுதான் முதல் முறை. "அதில்லம்மா. இந்த மலைக்கு ஒரு முறை இருக்கு. விளிம்பைத் தாண்டும்போது எதிர்ல தெரியற ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போகணும். அப்பத்தான் தரிசனம் முழுசு."

"எங்க சங்கத்துல யாரும் அப்படிச் சொல்லலையே."

"அவங்க யாரும் செய்யலைம்மா."

நாற்காலி முனகியது. அதில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்திருக்க வேண்டும்.

"ஒருத்தி கூடவா?"

"ஒருத்தர் கூட."

சங்கத்தின் அடுத்த கூட்டம் அந்த நாற்காலியிலேயே நடந்து முடிந்தது.

"ஐயோ" என்றார் டீச்சரம்மா. கண்ணைத் திறந்துவிட்டார். "ஐயோ, சிவனே."

"அதையும் சொல்லலாம்மா. ஆனா பாதையைச் சொல்றதுதான் முக்கியம்."

"ஒரு கல்லு. தேங்கா அளவு."

"எந்தப் பக்கம்னு சேர்த்துச் சொல்லணும்மா. அதுதான் முறை."

"வலது பக்கம். அதுக்கு இந்தப் பக்கம் சேறு. சுவர் ஓரமாக் காஞ்ச பாறை, ஒரு முழம் இருக்கும்."

"ஒட்டு" என்றார் மச்சான், அடங்கின குரலில். நாற்காலி நகர்ந்தது.

நகர்ந்தது என்று எழுதிவிடலாம். பின்தோள்காரருக்கு அது ஒவ்வொரு அடியாக நடந்தது. டீச்சரம்மா சொல்வார், மச்சான் அதைத் தொழிலின் சொல்லாக மாற்றுவார், இவர் கால் வைப்பார். கல், வேர், குழி, மறுபடியும் கல். தலைமையாசிரியைக்கு இந்த வேலை கை வந்தது. எல்லாவற்றையும் இடமிருந்து வலமாக, தூரத்தோடு சொன்னார். குரல் மட்டும் நடுங்கியது, பாடம் நடுங்கவில்லை.

பிறகு அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்கம்மா."

"பாதை இல்லை."

மச்சான்தான் கேட்டார்: "முழுக்கவா, பாதியா?"

"பாதி. வெளிப் பக்கம் உடைஞ்சு போயிருக்கு. சுவர் ஓரமா ஒரு ஆள் போகலாம். இந்த நாற்காலி போகாது."

"நாற்காலி நடக்க வேண்டாம்மா" என்றார் மச்சான். "நாங்க நடந்தா போதும். எவ்வளவு தூரத்துக்கு?"

"ரெண்டு வாசற்படி நீளம். அதுக்கு அப்புறம் பாதை முழுசா இருக்கு."

உள்பக்கக் கழி பாறைச் சுவரை உரசிக்கொண்டு போனது. கல் துகள்கள் பின்தோள்காரரின் காதுக்குள் விழுந்தன. நாற்காலியின் வெளிக் கால்கள் அந்தரத்தில் இருந்தன. கீழேயிருந்து மேல்நோக்கி ஒரு காற்று வந்து அவர் வேட்டியைத் தொட்டது. காற்று கீழேயிருந்து வருமா என்ன? வந்தது.

"தம்பி" என்றார் டீச்சரம்மா. குரல் நூலாகியிருந்தது. "என் வலது காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லை. இதையும் சத்தமாச் சொல்லணுமா?"

"அதை மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்கோங்கம்மா."

குகை வாசலில் டோலியை இறக்கினார்கள். டீச்சரம்மா குடையை ஊன்றிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே விளக்கு எரிந்தது. நீர் சொட்டியது. சங்கத்துக்காரர்கள் வாயால் செய்துகாட்டிய சத்தத்தைவிட அது சாதாரணமாக இருந்தது.

மச்சான் வாசற்பாறையில் உட்கார்ந்து, தோள்மெத்தையைக் கழற்றிப் பிழிந்தார்.

"என் தங்கச்சிகிட்ட சொல்லிடாத மாப்ள."

"கண்ணைக் காட்டலையா?"

"காட்டினேன். புரையாம். கண்ணுக்குள்ள ஊசி விடுவாங்களாம், கத்தி வைப்பாங்களாம். முழிச்சிருக்கும்போதே." பிழிந்த மெத்தையை மறுபடியும் பிழிந்தார். "கண்ணுக்குள்ள மாப்ள. அது வர்றதை நானே பார்த்துக்கிட்டு இருக்கணுமாம்."

பின்தோள்காரர் அவரைப் புதிதாகப் பார்த்தார். கண் தெரியாமல் விளிம்பில் நடக்கிற மனிதருக்கு, உட்கார்ந்த இடத்தில் போடும் ஒரு ஊசிக்குப் பயம். அப்படியானால் தைரியம் என்று இத்தனை நாள் தான் பொறாமைப்பட்டது எதைப் பார்த்து?

"இறங்கும்போது நான் முன்னால போறேன்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

"உனக்கு வேண்டாம் மாப்ள. நீ எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பாதியில நின்னுடுவ."

"நீ முன்னால போனா மூணு பேரும் போயிடுவோம்."

"அந்தம்மா சொல்லுவாங்க."

"இறக்கம் மச்சான். அந்தம்மா சொல்லி, நீ கேட்டு, நான் கால் வைக்கறதுக்குள்ள பாரம் உன்னைத் தள்ளிடும்."

இவர் தனியாக இறங்கி ஆள் கூட்டி வரலாம். அதையும் யோசித்தார். வருவதற்குள் இருட்டிவிடும், இருட்டில் அந்த விளிம்புக்கு எந்தக் கண்ணும் உதவாது. தவிர, தனியாக விளிம்பில் நடப்பது அவரால் ஆகிற காரியமே இல்லை. தோளில் பாரம் இருந்தால் ஓட முடியாது என்கிற ஒரு நிம்மதியாவது உண்டு.

டீச்சரம்மா வெளியே வந்தார். நெற்றியில் திருநீறு, முகத்தில் வகுப்புக்குள் நுழைகிற களை.

"அந்த முறையை யார் ஏற்படுத்தினாங்க தம்பி?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சரி, அது போகட்டும். பெரியவரே, இங்க பாருங்க. என் முகம் தெரியுதா?"

"உருவம் தெரியுதும்மா. முகம் தெரியலை."

"அது உங்க நல்ல காலம்" என்றார் டீச்சரம்மா. பிறகு கால் ஓய்ந்து, பாறையில் உட்கார்ந்தார். வரும் வழியில் வந்திருக்க வேண்டிய பயம் இப்போதுதான் அவரிடம் வந்து சேர்ந்தது. இரண்டு கைகளாலும் குடையைப் பிடித்துக்கொண்டார். "இறங்கறதுக்கு வேற வழி?"

"இல்லைம்மா."

"வேற ஆளு?"

"நான்தாம்மா" என்றார் பின்தோள்காரர். "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். அதுதான் கஷ்டமே."

டீச்சரம்மா மேலும் எதுவும் கேட்காமல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இவருக்குத் தோன்றியது. கேள்வி முடியும்வரையாவது நின்றிருக்கலாம்.

முன்கழிகளுக்கு நடுவே தலையை நுழைத்தார். எதிரே பிரம்பு இல்லை. எதிரே எதுவுமே இல்லை. வெளுப்பாகப் பனி மட்டும். பனி இருக்கிறதே, அதுவரைக்கும் பரவாயில்லை என்று எண்ணிக்கொண்டு விளிம்பில் காலை வைத்தார். அதற்காகவே காத்திருந்ததுபோல் காற்று ஒன்று அடித்து, பனி விலகிவிட்டது.

வலது கைப்பக்கம் இப்போது மலைச்சுவர். இடது கைப்பக்கத்தை அவர் பார்த்தார். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தார். கண் தானாகப் போனது. இத்தனை வருஷமாக அவர் அங்கே என்ன இருக்கும் என்று கற்பனை செய்து பயந்திருந்தார். கற்பனை கஞ்சத்தனம் செய்திருந்தது. கீழே மரங்கள் பாசி மாதிரி இருந்தன. ஒரு பறவை பறந்துகொண்டிருந்தது. அதன் முதுகு தெரிந்தது. பறவையின் முதுகை மேலிருந்து பார்க்கிற இடத்தில் தான் நிற்கிறோம் என்பது உறைத்தபோது கால்கள் அவருடையவையாக இல்லை. பாதம் பாறையோடு சேர்த்துச் செய்ததுபோல் நின்றுவிட்டது.

பின்னால் மச்சான் சொல்லுக்காகக் காத்திருந்தார். சொல் வரவில்லை. முன்தோள்காரர் ஊமையானால் பின்தோள்காரருக்கு உலகமே கிடையாது. அதை இவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"மாப்ள."

கீழே அந்தப் பறவை மறுபடியும் ஒரு வட்டம் போட்டது.

"மாப்ள, நான் இங்க இருட்டுல நிக்கறேன்."

இத்தனை வருஷத்தில் மச்சான் அப்படி ஒரு குரலில் பேசிக் கேட்டதில்லை. அது கெஞ்சல் இல்லை. நிற்கிற இடத்தைச் சொல்கிற குரல். அந்த இடம் இவருக்குத் தெரிந்த இடம்.

"தம்பி" என்றார் டீச்சரம்மா பின்னாலிருந்து, தணிந்த குரலில். "கீழ எதையும் சொல்ல வேண்டாம். உங்க கால் பக்கத்துல இருக்கறதை மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை."

அவர் கால் பக்கத்தைப் பார்த்தார். பாறை கறுத்து மினுங்கியது.

"ஈரம்" என்றார். குரல் பிசிறடித்தது, பயந்த பையனின் குரல் மாதிரி இருந்தது. ஆனால் பின்னால் ஒரு கால் தூக்கி வைக்கப்படுவதைக் கழிகள் அவர் தோளுக்குச் சொல்லின. ஒரு பெரிய மனிதர், முழுப் பாரத்தோடு, அந்த ஒரு சொல்லின்மேல் காலை வைத்தார்.

"ஒட்டு. ஒட்டு. ஈரம்."

"அடுத்தது வளைவு வரும்" என்றார் மச்சான் பின்னாலிருந்து.

"வந்துடுச்சு."

"அதுல ஒரு வேர் இருக்கும்."

"இருக்கு. தாண்டு."

உடைந்த இடம் வந்தபோது அவர் மறுபடி நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததில் தாடை வலித்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"கண்ணை மூடிக்கலாமா?" என்றார் டீச்சரம்மா.

"நீங்க மூடிக்கோங்கம்மா" என்றார். அந்த இடத்தில் அவர் யாருக்கும் கொடுக்க முடிந்த ஒரே சலுகை அதுதான். கொடுத்தபோது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"பாதி" என்றார் மச்சானிடம். தொழிலில் அப்படி ஒரு சொல் கிடையாது. மச்சானுக்குப் புரிந்தது.

விளிம்பு முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் டோலியை இறக்கினார்கள். பின்தோள்காரர் ஒரு புதர் பக்கமாகப் போய், காலையில் குடித்த டீயை வாந்தி எடுத்தார். முதல் தடவை தாண்டிவிட்டால் பயம் விட்டுப்போகும் என்று யாரோ எப்போதோ சொல்லி நம்பியிருந்தார். விடவில்லை. இதுவரை உருவம் இல்லாமல் இருந்த பயத்துக்கு இப்போது மரங்களும் பறவையும் கிடைத்துவிட்டன. இனிமேல் அது எங்கே போனாலும் கூட வரும்.

திரும்பி வந்தபோது மச்சான் நாற்காலிப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் புரை ஆபரேஷன் செஞ்சிருக்காங்களாம்மா?"

"ரெண்டு கண்ணுக்கும்."

"வலிக்குமா?"

"வலிக்காது" என்றார் டீச்சரம்மா. பிறகு பள்ளிக்கூடத்து நேர்மை வந்து குறுக்கிட்டது. "பயமா இருக்கும். ரொம்பவே."

மச்சான் தலையை ஆட்டினார். மெத்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், அது அவருக்குத் தெரிவதுபோல.

"நாளைக்குப் போகலாமா மாப்ள?"

"போகலாம்."

"உள்ள வரைக்கும் வருவியா?"

"அவங்க விடுற வரைக்கும் வரேன்."

"அதுவரைக்கும் முன்தோள்?"

பின்தோள்காரர் கீழே பார்த்தார். பாதை பனிக்குள் இறங்கிப் போனது. இன்னும் முக்கால்வாசி மலை பாக்கி இருந்தது. கால் நடுக்கம் நிற்கவில்லை. நிற்கும்போல் தோன்றவும் இல்லை.

அவர் முன்கழிகளுக்கு நடுவே போய்க் குனிந்தார்.

"தூக்கு மச்சான்" என்றார். "இங்க சமம்."